வெர்லீன் கொடுத்த சுருதி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து, தேவாலயத்துக்குப் பின்னால் நீள மேசையில் வறுத்த கோழியும் பீன்ஸும் பரிமாறிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது.

“என்ன சிஸ்டர் வெர்லீன், இன்னைக்குப் பாட்டு கிணத்துக்குள்ளயே எறங்கிடுச்சு? எங்க தொண்டை தரையில தேயுது.”

“உன் தொண்டையில கோழி அடைச்சிருக்கு ஹார்லன். முழுங்கிட்டுப் பேசு.”

எனக்குக் கதைகள் இப்படித்தான் வரும். முதலில் குரல், முகமும் ஊரும் காரணமும் பிறகு.

எங்கள் தேவாலயத்தில் வாத்தியம் கிடையாது. (வாங்க முடியாமல் அல்ல. வேண்டாம் என்பது எங்கள் கொள்கை.) வெர்லீன் ஏக்கர்ஸ் எழுந்து சுருதி கொடுப்பாள், அதைப் பிடித்துக்கொண்டு அவரவர் குரலில் சேர்வோம். அவள் கொடுத்த பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அம்மா இடுப்பில் இருந்த வயசிலிருந்தே அந்தப் பழக்கம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கேட்பேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம், நிறுத்திய இடத்தில் நிறுத்தியபடியே:

“வர்ஜீனியாவில் எங்கள் மாவட்டமான ஹாலிஸ் கவுண்டியில் தேவாலயத்தை ஒட்டி ஒரு தரவு மையம் எழும்பியது. அதற்குள் இருக்கும் செயற்கை நுண்ணறிவு உலகத்துக்கே பதில் சொல்கிறதாம். அதன் இயந்திரங்களுக்கு வரி விலக்கு. பள்ளிக்கூடக் கூரைக்கு நிதி இல்லை. அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கோபுரங்களின் செலவு எங்கள் கரண்ட் பில்லில். அதைக் குளிர்விக்கும் விசிறிகள் இரவும் பகலும்—”

அத்தனையும் சரிதான். ஆனால் இதில் யாரும் வாய் திறக்கவில்லை.

3

வெர்லீனைக் கொஞ்சம் சாதுவாக எழுதிப் பார்த்தேன். நடுங்கும் கை, ஈரக் கண். வாசித்துக் காட்டினேன்.

“இவ யாரு?”

“நீதான்.”

“எனக்கெங்க கை நடுங்குது? இவள வேற கதைக்கு அனுப்பு.”

அனுப்பிவிட்டேன்.

ஹார்லன் சொன்னது பொய்யில்லை. மையம் வந்ததிலிருந்தே அவள் சுருதி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. வயசாகிவிட்டது என்றோம். பிறகு மலைக்கு அந்தப்பக்கச் சபையின் பாட்டுக் கூட்டத்துக்குப் போனோம். எழுந்தாள், கொடுத்தாள். பழைய உயரம், பிசகில்லை. திரும்பி வந்து எங்கள் தேவாலய வாசலில் இறங்கியவள், கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் நின்று விசிறிகளின் ரீங்காரத்தைக் கேட்டாள்.

“ஒரு மெஷின் எனக்குச் சுருதி குடுத்துக்கிட்டிருந்திருக்கு,” என்றாள். “நானும் வெக்கமில்லாம வாங்கியிருக்கேன்.”

4

தேவாலயத்தின் மறுபக்கத்தில் இரண்டாவது கட்டடம் கட்ட மையத்தின் நிறுவனம் அனுமதி கேட்டது. முதலாவதைப்போல நான்கு மடங்கு. பொது விசாரணை நடந்த கவுண்டி அலுவலகம் நகரத்தில், விசிறிச் சத்தம் எட்டாத தூரத்தில். தலைமை தாங்கிய லோவல் ஷெல்ட்டன் எங்கள் சபைக்காரர்தான், கீழ்க்குரல் பெஞ்சு.

“சத்தம் அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இருக்கு சிஸ்டர். அளந்திருக்காங்க.”

“பெருசுன்னு யார் சொன்னா பிரதர் லோவல்? இத்துனூண்டு சத்தமே சபை முழுசையும் கீழ எறக்கிடுச்சுன்னு சொல்றேன். நாலு மடங்கு வந்தா நாங்க பாடுறது யாரோட பாட்டு?”

“ஆளுக்கு மூணு நிமிஷம்தான். முடிச்சிக்குங்க. இங்க பாட்டெல்லாம் கூடாது.”

“நான் பாடல. சுருதிதான் குடுக்குறேன்.”

கொடுத்தாள். பழைய உயரத்தில்.

பின்வரிசையில் நாங்கள் எழுந்தது யோசித்து அல்ல. (இங்கே ‘இடிபோல’ என்று எழுதி எடுத்துவிட்டேன். இடி எப்போது சுருதி சேர்ந்தது?) மேற்குரல் வந்தது, நடுக்குரல்கள் வந்தன. கீழ்க்குரல் மட்டும் முன்னாலிருந்து வந்தது, மேசைக்கு அந்தப்பக்கத்திலிருந்து. பாட்டுக் கூடாது என்று சொன்ன லோவல், கையில் மரச்சுத்தியலோடு, அடிவயிற்றிலிருந்து பாடிக்கொண்டிருந்தார்.

நிறுவனத்து வழக்கறிஞர் அவரைப் பார்த்தார். லோவல் தன்னையே பார்த்துக்கொள்வதுபோல இருந்தார்.

இந்த இடத்தில் என் பெருமையைக் கொஞ்சம் குறைத்து எழுதச் சொன்னார்கள், வாசிக்கக் கேட்டவர்கள். குறைத்து எழுதினேன். மறுபடி ஏற்றிவிட்டேன். நான் அந்த நடுக்குரல்களில் ஒன்று.

5

வாக்கெடுப்பில் கவுண்டிக் குழுவின் மற்ற உறுப்பினர்கள் மூன்றுக்கு மூன்று. லோவலின் ஓட்டுதான் பாக்கி.

முடிவு ஒன்று: லோவல் அனுமதி மறுக்கிறார், எல்லோரும் கட்டிக்கொண்டு அழுகிறோம். எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது.

முடிவு இரண்டு: அனுமதி கிடைக்கிறது, சபை அமைதியான வேறோர் இடம் தேடிப் பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு—

“நீ வேணா போ,” என்றாள் வெர்லீன், காகிதத்தைத் தள்ளிவிட்டு. “நான் அங்கேயே நின்னு சரியானதக் குடுப்பேன். மாறணும்னா அந்த மெஷின் மாறட்டும்.”

மூன்றாவதை நான் எழுதப்போவதில்லை. செயலர் லோவலின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். மைக் எதிரில் இருக்கிறது. பாடிய வாய் இன்னும் மூடவில்லை. ‘சரி’ என்றோ ‘இல்லை’ என்றோ அதில் ஒரு சொல்லை நீங்கள் வையுங்கள். எதை வைத்தாலும் அவர் அதை அந்தச் சுருதியில்தான் சொல்லியாக வேண்டும். நாங்கள் இன்னும் உட்காரவில்லை.