கடைசிப் பாடம்

"இந்தக் கம்ப்யூட்டர் என்ன நாய்க்குட்டியா அத்தை, கட்டிப் போட்டு வச்சிருக்கீங்க?"

முன்பொரு நாள் தம்பியின் மகள் கேட்டதற்கு அக்கா சிரித்தாள். "ஆமாடி கண்ணு. முன்னாடி ஒண்ணு காணாமப் போயிடுச்சே." யாரால் போனதென்று அவள் சொல்லவில்லை.

அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்து வாடகை நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த தம்பிக்கு அந்தச் சிரிப்புதான் மனதில் நின்றது.

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்பி வந்தவள் அக்கா. நான்கு வருடங்களுக்கு முன் அவளுடைய மடிக்கணினியை இரவல் வாங்கிப் போன தம்பி, அதைக் கார் இருக்கையில் வைத்துவிட்டு, கதவைப் பூட்டாமல் டீ குடிக்கப் போனான். ஒரு வருடக் குரல் களவு போயிற்று. கேட்டவர்களிடமெல்லாம் "திருட்டுப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அக்கா முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசித்தாள். புதியதற்கு மேசைக்காலோடு இரும்புக் கம்பிப் பூட்டு, கடவுச்சொல் எல்லாம் வந்தன. சொல்லாமல் விடப்பட்ட பழிக்குத்தான் எடை அதிகம்.

வெள்ளைக் கோலுடன் ஒரு மாணவி தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள்.

"அண்ணே, இன்னிக்குக் கேக்கக் கூடாதுதான். திங்கக்கிழமை பரீட்சை. கடைசி ரெண்டு பாடம் மட்டும் வரலை. அக்கா பதிவு பண்ணி வச்சிருப்பாங்களா?"

"துக்க வீட்டுல வந்து பாடம் கேக்குதே!" என்றார் பெரியப்பா.

"பாவம், அவ கஷ்டம் அவளுக்கு. விடுங்க மாமா," என்றாள் தம்பியின் மனைவி.

"பாத்து அனுப்புறேம்மா," என்றான் தம்பி.

மாணவி போனதும் மனைவி கிசுகிசுத்தாள். "எப்படி அனுப்புவீங்க? பாஸ்வேர்டைப் பத்து தடவை தப்பாப் போட்டா எல்லாம் அழிஞ்சிடும்னு அண்ணி சொல்லியிருக்காங்க."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்தான். "ஆஸ்பத்திரியில அக்கா குடுத்தா."

"உங்ககிட்டயா? குடையை மாசம் ஒண்ணு பஸ்ல விட்டுட்டு வர்ற ஆளுகிட்டயா?"

"அதான் எனக்கும் புரியலை."

பிற்பகலில் வீடு அசந்து தூங்கியது. அவன் உறையைப் பிரித்தான். அக்காவின் கையெழுத்தில் ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு சொற்கள், வேறொன்றும் இல்லை. அவற்றைக் கடவுச்சொல்லாகத் தட்டினான். முதல் தடவை தவறியது. இரண்டாம் தடவை திறந்தது.

ஒரு பாடம் முழுதாக இருந்தது. கடைசிப் பாடம் மூன்றாம் பக்கத்தில், ஓர் இருமலோடு நின்றிருந்தது. மேசையிலிருந்த பாடப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் பென்சில் கோடு.

கதவைச் சாத்தினான். இரைச்சல் பதிவாகுமென்று மின்விசிறியை நிறுத்தினான். 'கடவுளே, குரல் உடையாமப் பாத்துக்கோ' என்று வேண்டிக்கொண்டு, கோட்டுக்குக் கீழிருந்து வாசிக்கத் தொடங்கினான். குரல் உடைந்த இடங்களை அழித்துவிட்டு மறுபடி வாசித்தான். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியது. பதினொரு பக்கங்கள்.

முடித்து அனுப்பும்போது, 'வாசித்தவர்' என்ற இடத்தில் அக்காவின் பெயர் ஏற்கெனவே இருந்தது. அவன் அதை மாற்றவில்லை.