ஆறாவது ஆள்

கடலூரில் ஞானராஜின் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வேலைக்கென்று ஆறு கம்ப்யூட்டர்கள். எல்லா ஃபைலும் மூலையில் இருந்த சர்வரில், அவர்கள் வழக்கில் எஸ் டிரைவில். சர்வர் என்று பெரிதாகச் சொன்னாலும் அதுவும் ஒரு சாதாப் பெட்டிதான். ஒரே நேரத்தில் ஐந்து பேரைத்தான் உள்ளே விடும். வேலை முடித்தவர்கள் டிரைவைத் துண்டிக்காமலே டீக்குப் போய்விடுவார்கள். ஆறாவது ஆள், "யாராவது ஒருத்தர் விடுங்கப்பா!" என்று கத்துவார். அடடா, அந்தக் கூச்சலுக்கு ரேஷன் கடை தோற்றுப்போகும். அங்கே வேலை பார்க்கும் தாட்சாயிணிக்கு இப்போது நினைத்தாலும் அந்த நாட்கள் திரும்பி வராதா என்று இருக்கும்.

2005-இல் அங்கே வேலை பார்த்த லூர்து பிரகாஷ் இதற்கொரு மென்பொருள் எழுதினார். பத்திரிகை வடிவமைக்கும் பேஜ்மேக்கரைத் திறந்தால் அது முதலில் எஸ் டிரைவை இணைக்கும். மூடினால் தானே துண்டித்துவிடும். கூச்சல் பாதியாகக் குறைந்தது.

தாட்சாயிணி சிதம்பரத்திலிருந்து வந்துபோகிறவள். ஆறு மணி பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான், மூன்று வயது மகள் பிரீதா பக்கத்து வீட்டில் அழுது அழுதே தூங்கிவிடும். என்ன அதிசயமோ, நாலு மணிக்கு மேல் அவளுக்கு மட்டும் டிரைவ் கிடைக்காமல் போனதே இல்லை. தன் ராசி என்று நினைத்துக்கொண்டாள்.

லூர்துவோ அந்த நேரம் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"என்னா லூர்து சார், வேலையே இல்லியா?"

"எனக்கென்னா மேடம், உள்ளூர்க்காரன். மெதுவா செஞ்சுட்டுப் போறேன்."

அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் பத்திரிகை தாமதமாகி ஞானராஜ் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "யாருய்யா இங்க ஓபி அடிக்கிறது?" தாட்சாயிணியின் வாய் சும்மா இருந்ததா? "நாலு மணிக்கு மேல லூர்து சார் சும்மாதாங்க உக்காந்திருக்காரு" என்றாள். மறுமாதம் லூர்துவின் நாற்காலி காலி. புதுச்சேரியில் வேறு வேலை தேடிக்கொண்டார் என்றார்கள்.

2012-இல் புது சர்வர் வந்தது. எத்தனை பேர் வந்தாலும் விடும். "அந்தப் பழைய மென்பொருள தூக்கிப் போட்டுடலாம்மா" என்றார் ஞானராஜ். அவளுக்கு மனசு வரவில்லை. சர்வரின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் ஓடும் என்று சாயங்காலம் அதன் செட்டிங் ஃபைலைத் திறந்தாள். ஏழு வருஷமாக யாரும் தொடாத ஃபைல். உள்ளே ஒரு கட்டளைக்கு மேலே லூர்து தன் ஞாபகத்துக்காக எழுதி வைத்திருந்தார்:

"நாலு மணிக்கு மேல அஞ்சும் நிரம்பியிருந்து தாட்சாயிணி மேடம் கேட்டா, என்னோடத துண்டிச்சு அவுங்களுக்குக் குடுக்கணும். அவுங்க முடிக்கிற வரைக்கும் எனக்கு வேணாம். குழந்தை காத்திருக்கு."

மூன்று தடவை படித்தாள். "அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கண்ணீர் நிற்கவில்லை. ஞானராஜிடம் லூர்துவின் நம்பர் வாங்கி, அச்சகத்துப் போனிலிருந்தே கூப்பிட்டாள்.

"சார்... தாட்சாயிணி பேசறேன்." அதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

 அந்தப் பக்கம் லூர்து பதறிப்போய்க் கேட்டார்.

"மேடம், மணி ஆறே கால் ஆவுதே. இன்னும் பஸ் ஏறலியா?"