நாலு போல்ட்

கோணேஸ்வரனின் ஜீப்பில் ஸ்பெயார் வீல் இருந்தது வண்டிக்கு அடியில், பின்பக்கமாக. முதலில் அது ஒரு சங்கிலியில்தான் தொங்கியது. பின் பம்பருக்கு மேலுள்ள துளைக்குள் நீளக் கம்பியை விட்டுச் சுழற்றினால் சங்கிலி இறங்கும். டயரும் அதோடு நிலத்துக்கு வந்துவிடும். ஆனால் உப்புவெளியில் படகுகளை இறக்கவும் இழுக்கவும் எல்லோரும் கூப்பிடுவது அந்த ஜீப்பைத்தான். பின்சில்லு முங்க முங்கக் கடலுக்குள் போய்வந்ததில் சங்கிலி உக்கி, ஒருநாள் இறக்கக்கண்டிப் பாலத்தடியில் அறுந்தது. உருண்டுபோன டயர் மீன் வியாபாரி ஒருவரின் சைக்கிளைத் தட்டி விழுத்தியது. பெட்டியிலிருந்த சூரை மீன் முழுவதும் தார் ரோட்டில் சிதறியது.

வீட்டோடு சேர்ந்த கராஜில் வெல்டிங் வேலை செய்கிறவன் அவன். ஒருவரும் அவன் ஒட்டியது பிரிந்ததென்று திரும்பி வந்ததில்லை. பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் கிண்ணியா றிஸ்வி, "நல்ல சங்கிலி ஒண்டு கிடக்கு மச்சான், கொண்டு போய்ப் பூட்டு" என்றான். கோணேஸ்வரன் கேட்கவில்லை. தடித்த இரும்புத் தகடு ஒன்றை வெட்டி டயருக்குக் கீழே கொடுத்து, நாலு போல்ட்டால் அதை வண்டியின் சட்டத்தோடு இறுக்கினான். நட்டுகளையும் சட்டத்திலேயே வெல்டிங் பண்ணிவிட்டான்.

மனைவி யசோதராவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள்.

"விழாதுதான். அவசரத்துக்குக் கழட்ட ஏலுமோ?"

"நாலு போல்ட்தானே. அஞ்சு நிமிச வேலை."

அதைப் பார்த்துவிட்டு இன்னும் மூன்று பேர் தங்கள் வாகனங்களுக்கும் அப்படியே செய்வித்துக்கொண்டார்கள். அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. இது நடந்து இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் ஜீப் கடலுக்குள் போய்வந்துகொண்டுதான் இருந்தது. தகட்டை ஒருநாளும் அவன் கழற்றிப் பார்க்கவில்லை.

யசோதராவுக்கு இருந்தது ஒரே ஓர் அண்ணன், இராகுலன். சுனாமியில் கடல் வந்து சல்லிக் கிராமத்தில் இருந்த தாயையும் தகப்பனையும் கொண்டுபோனபோது அவளுக்கு ஒன்பது வயது, அவனுக்குப் பதினேழு. பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ப் பின்னல் பின்னப் பழகிவந்து, தினமும் தங்கைக்கு இரட்டைப் பின்னல் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவன். அவளுக்குக் கலியாணம் செய்துவைத்த பிறகுதான் தான் கட்டினான். மாத்தளையில் பெண் எடுத்து அங்கேயே மரக்கறி லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவனைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

காலை ஐந்தரைக்கு அண்ணி சிவாஜினியின் போன் வந்தது. "உடன வெளிக்கிட்டு வா யசோ. உன்னைத்தான் கேக்கிறார்."

ஆறரைக்கெல்லாம் வண்டி வெளிக்கிட்டுவிட்டது. யசோதரா தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. கந்தளாய் தாண்டி, அக்போபுரவும் தாண்டி, இரண்டு பக்கமும் காடாகக் கிடந்த இடத்தில் பின்பக்க டயர் வெடித்தது. நேரம் எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

கோணேஸ்வரன் பதறவில்லை. ஜாக்கை வைத்து உயர்த்தி, சாக்கு ஒன்றை விரித்துக் கீழே படுத்தான். முதல் போல்ட் முரண்டுபிடித்துப் பிறகு கழன்றது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது அசையவில்லை. துருவேறி, போல்ட்டும் நட்டும் ஒன்றாகிக் கிடந்தன. பலத்தையெல்லாம் கொடுத்து இழுத்தான்.

அப்போது தூரத்தில் கண்டி பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. யசோதரா கைப்பையை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, நான் இதில போறன். நீங்கள் பூட்டிப்போட்டுப் பின்னால வாங்கோ."

"பொறும் யசோ. ரெண்டு கழண்டிட்டுது. இந்தா, இப்ப வந்திடும். பஸ் நிண்டு நிண்டு போகும். அதுக்கு முந்தி நாங்கள் போயிடுவம்."

"அண்ணா கேக்கிறாராம்…"

"நான் சொல்லுறன் எல்லோ. என்னில நம்பிக்கை இல்லையோ?"

உயர்த்திய கையை அவள் மெல்ல இறக்கினாள். பஸ் அவர்களைக் கடந்து போனது. வண்டிக்குக் கீழே படுத்திருந்தவனுக்குத் தெரிந்தது அதன் சில்லுகளும், செம்மண் தூசியும், அப்படியே நின்றுவிட்ட அவளுடைய செருப்புக் கால்களும் மட்டும்தான்.

அடுத்த இழுப்பில் ஸ்பெனர் வழுக்கிப் போல்ட்டின் தலை மழுங்கிவிட்டது. இனி அதை எதுவும் பிடிக்காது என்று அவனுக்கு அந்த நிமிடமே தெரியும். வாய் திறந்து சொல்லவில்லை. கல்லால் தட்டினான், உளியால் கொத்தினான், கை கிழிந்து இரத்தம் வந்தது. அவள் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ரோட்டில் இங்குமங்கும் நடந்தாள். சிக்னல் கிடைக்கவில்லை. ஒன்பது மணியளவில் இன்னொரு பஸ் வந்தது. அவள் ஓடிப்போய் மறித்தாள். படி வரைக்கும் ஆள் தொங்கிய அந்த பஸ் நிற்காமலே போய்விட்டது.

ஒன்பதரைக்குக் கிண்ணியாக்கார நஸ்ரி என்பவரின் மணல் லொறி வந்து நின்றது. நல்ல மனுசன். நீளமான இரும்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். இருவருமாக அதைத் தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் கொடுத்து நெம்பினார்கள். மூன்றாவது போல்ட் முறிந்தது. நாலாவது, சட்டத்தின் ஒரு துண்டையும் பிய்த்துக்கொண்டு வந்தது.

நஸ்ரி தகட்டைப் புரட்டிப் பார்த்தார். "ஸ்பெயார் வீல போய் ஆராச்சும் இப்பிடி அடைச்சு வைப்பாங்களா? எந்த மடையன் செஞ்ச வேல இது?"

"தெரியாது" என்றான் கோணேஸ்வரன். "முந்தி வச்சிருந்த ஆக்கள் செய்தது போல."

யசோதரா இரண்டடி தள்ளி நின்றாள். அவனைப் பார்த்தாள். பிறகு போய் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பும்போது பத்து மணி. ஹபரணையில் சிக்னல் கிடைத்ததும், "வந்துகொண்டிருக்கிறம் எண்டு அண்ணாட்டச் சொல்லுங்கோ" என்று அண்ணியிடம் சொன்னாள். அதற்குப் பிறகு கண்டி வரையில் அவள் மடியில் வைத்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முன்னால் போகிற ஒரு வாகனத்தையும் விட்டுவைக்காமல் முந்தி முந்தி ஓட்டினான்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது ஒரு மணி. இராகுலன் பன்னிரண்டு முப்பத்தைந்துக்குப் போய்விட்டிருந்தான். இன்னும் உடம்பில் சூடு இருந்தது. யசோதரா அவன் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு கட்டிலின் இரும்பில் முகத்தைச் சாய்த்தாள். சத்தமே வரவில்லை.

வெளியே வாங்குப் பலகையில் இருந்தபோதுதான் அவள் கேட்டாள். "ஏதும் சொன்னவரோ அண்ணி?"

சிவாஜினி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "பெரிசா ஒண்டும் சொல்லேல்ல. வந்திட்டாளோ, வந்திட்டாளோ எண்டு வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தவர். வெறும் வயித்தோட பஸ்ஸில ஏறியிருப்பாள், சத்தி எடுப்பாள், வந்த உடன தேத்தண்ணி வாங்கிக் குடும் எண்டவர். அவ்வளவுதான்."

சொன்னபடியே சிவாஜினி போய்க் கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணி வாங்கி வந்தாள். யசோதரா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆறும்வரை இருந்தாள். பிறகு முழுவதையும் குடித்தாள். சுவரோரம் நின்ற கோணேஸ்வரனுக்குக் கணக்குத்தான் ஓடியது. எட்டேகாலுக்குப் போன பஸ், எவ்வளவுதான் நின்று நின்று போயிருந்தாலும், பன்னிரண்டுக்குக் கண்டியில் இருந்திருக்கும். அந்தக் கணக்கை அவன் எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அரைமணித்தியாலம் மிஞ்சியது.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடியும்வரை யசோதரா மாத்தளையிலேயே இருந்தாள். உப்புவெளிக்குத் திரும்பியவள் சமைத்தாள், கூட்டினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சண்டை பிடித்தாலாவது பரவாயில்லை என்று அவனுக்கு இருந்தது. குசினியில் அவள் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டாலே எழும்பிக் கராஜுக்குப் போய்விடுவான்.

ஒருநாள் காலையில் கிறைண்டரை எடுத்து, சட்டத்தில் மிஞ்சியிருந்த நட்டுகளையும் முறிந்த போல்ட்டையும் அறுத்து எறிந்தான். பிய்ந்த சட்டத்தை ஒட்டினான். றிஸ்வியிடம் போய்ச் சங்கிலியும், அது சுற்றும் சக்கரமும் வாங்கிவந்து, பழையபடியே, கம்பனிக்காரன் வைத்த இடத்திலேயே பூட்டினான். சங்கிலி முழுக்கக் கிறீஸ் அப்பினான். பிறகு அந்த மூன்று பேருக்கும் போன் எடுத்தான். "நான் செய்தது பிழையான வேலை. கொண்டு வாங்கோ, சும்மா மாத்தித் தாறன்." இருவர் வந்தார்கள். மூன்றாமவர் நிலாவெளியில் விடுதி வைத்திருப்பவர். "நல்ல உறுதியாத்தானே கிடக்கு, ஏன் கழட்டுவான்?" என்று சிரித்தார். கோணேஸ்வரன் அன்று பின்னேரமே அங்கு போய், அவருடைய முற்றத்திலேயே படுத்து, அவர் ஏசிக்கொண்டிருக்க அதை அறுத்துச் சங்கிலி பூட்டிவிட்டு வந்தான்.

அவன் வீடு திரும்பியபோது யசோதரா கராஜ் வாசலில் நின்றாள்.

"அந்த டயரை இறக்கிறது எப்பிடி எண்டு எனக்குக் காட்டுங்கோ."

"நீர் ஏன்…"

"எனக்குத் தெரிய வேணும்."

கம்பியை எடுத்துக் கொடுத்தான். துளை இருக்கும் இடத்தைக் காட்டினான். அவள் முழங்காலூன்றி இருந்து கம்பியைச் செருகிச் சுழற்றினாள். சங்கிலி கிறுகிறுவென்று இறங்கி, டயர் மணலில் வந்து படுத்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி சுற்றி ஏற்றினாள். மறுபடி இறக்கினாள்.

"யசோ" என்றான். "அந்த லொறிக்காரரிட்ட நான் பொய் சொன்னனான்."

"ஓம். கேட்டனான்."

"வெக்கமாப் போச்சு."

"அது போகட்டும்." அவள் இன்னும் டயரைத்தான் பார்த்தாள். "டயர் கழலாததுக்கும் நான் உங்களில கோவிக்கேல்ல. இரும்பெண்டா துருப்பிடிக்கும். ஆனா நான் கையைக் காட்டின பஸ் அது. நம்பிக்கை இல்லையோ எண்டு கேட்டியள். நம்பினனான்."

மன்னிப்புக் கேட்க நினைத்தான். அதைக் கேட்டு இவளிடம் எதை வாங்கப்போகிறேன் என்று விட்டுவிட்டான்.

அவள் கிறீஸ் அப்பிய கைகளை விரித்துப் பார்த்தாள். "சவுக்காரம் எங்க?"

அவன் சவுக்காரத்தை எடுத்துக் கொடுத்து, வாளியில் தண்ணீர் அள்ளி அவள் கையில் ஊற்றினான். அவள் தேய்த்தாள். கறுப்பு போகவில்லை. இன்னும் ஊற்றினான். தேய்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தோள் குலுங்கத் தொடங்கியது. கண்டியிலும் அழாத அழுகை, மாத்தளையில் சுடலைக்குக் கொண்டுபோனபோதும் அழாத அழுகை, சத்தமாக வந்தது. "அண்ணா, அண்ணா" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கூப்பிட்டாள்.

கோணேஸ்வரன் தோளைத் தொடப் போனான். தொடலாமா என்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டான். அவள் கைகள் இன்னும் முன்னால் நீண்டபடியே இருந்தன. அவன் குனிந்து வாளியில் மறுபடி தண்ணீர் அள்ளினான்.