மஞ்சள் பறவைக்கு நாய் என்று பெயர்

அட்டையில் இருந்தது ஒரு சின்ன மஞ்சள் பறவை. கூண்டுக்குள் குச்சிமேல் உட்கார்ந்து, வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தது. என் கணவர் அதை உற்றுப் பார்த்தார். உதட்டை இரண்டு முறை குவித்தார். மூன்றாவது முறை தெளிவாகவே சொன்னார்.

"நாய்."

பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அவரை நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். கையிலிருந்த தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார். ஏற்கெனவே அங்கே வரிசையாகப் பெருக்கல் குறிகள். அணில் படத்துக்கு இவர் "நிழல்... வால்" என்றிருந்தார். முதலைக்கு "கல்லு... புழு". பசுவுக்கும் நாற்காலிக்கும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டதே தவிர எதுவும் வரவில்லை.

அட்டைகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு டீச்சர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அவருக்கு எல்லாம் புரியுதும்மா. முதலைய எடுங்கன்னா சரியா எடுத்துக் குடுக்கிறார். பேர் சொல்லத்தான் வரல. பேனா பிடிச்சாலும் அதே கதைதான். ஆறு வாரம் ஆச்சு. வர்ற வியாழக்கிழமை ஒருவாட்டி முழுசா சோதிச்சுப் பாக்கிறேன். அன்னைக்கும் இப்படியேதான்னா, பேர் சொல்ற பயிற்சிய நிறுத்திட்டுப் படப் பலகைக்கு மாத்திடலாம்."

படப் பலகையை எனக்குத் தெரியும். பக்கத்து அறையில் பார்த்திருக்கிறேன். தண்ணீர் டம்ளர், கட்டில், கழிப்பறை, சட்டை, மாத்திரை என்று இருபத்துநான்கு கட்டங்கள். வேண்டியதை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும்.

"அது தோல்வி இல்ல. நிறைய பேருக்கு அது பெரிய உதவி" என்றார் டீச்சர்.

"தெரியுது டீச்சர்" என்றேன். மனசு மட்டும் சண்டித்தனம் செய்தது. இருபத்துநான்கு கட்டத்துக்குள் இவரை எப்படி உட்கார வைப்பது?

இவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். பள்ளிப் புத்தகங்களும் ஆங்கில அகராதிகளும் அச்சாகும் இடம். இருபத்தோரு வருஷம் பிறர் எழுத்திலிருந்த தப்பையெல்லாம் சிவப்பு மையில் சுழித்தவருக்கு, ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. மிருகங்களுக்கு ஆங்கிலத்தில் எப்படிப் பெயர் வந்தது என்று துருவித் துருவிப் பார்ப்பார். பார்த்ததைச் சாப்பாட்டு மேஜையில் கொண்டுவந்து கொட்டுவார். தட்டில் முதல் வாய் எடுப்பதற்குள், "இன்னைக்கு ஒண்ணு கண்டுபிடிச்சேன்" என்று ஆரம்பித்துவிடுவார்.

"அப்பா, ஒரு வேளைக்கு ஒரு மிருகம்தான்" என்று விரலைத் தூக்கிக் காட்டுவாள் மகள். கல்லூரி போகிறவளுக்கு அந்தளவு பொறுமையாவது இருந்தது. எனக்கு அதுவும் கிடையாது. "சரி சரி, சாப்பாடு ஆறுது" என்று பாதியிலேயே கத்தரி போட்டுவிடுவேன். எங்கள் வீட்டில் தலை மட்டும் வந்துபோன மிருகங்கள் எக்கச்சக்கம். வால்வரை நான் கேட்டது ஒன்றுகூட இல்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பிரஷ் நழுவியது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பக்கவாதம் என்றார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கே நான் எல்லாத் திசைக்கும் கும்பிடு போட்டேன். வலது கால் தேறிவிட்டது. கை பாதி தேறியது. பேச்சு மட்டும் வரவில்லை. மேஜையில் இப்போது கரண்டிச் சத்தம் மட்டும்தான். கொஞ்சம் அமைதியாகச் சாப்பிட விட மாட்டாரா என்று அலுத்துக்கொண்டவள் நான்தானே. அந்த அமைதி கிடைத்தபின் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, நான் வேலைக்குப் போனேன். கண்ணாடிக் கடை ஒன்றில் பார்வை சோதிப்பது என் வேலை. அன்று காலை ஓர் அம்மா நாலரை வயதுப் பெண்ணைக் கூட்டிவந்திருந்தார். குழந்தைக்கு இன்னும் எழுத்து தெரியாது. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று தனி அட்டை உண்டு. மூன்று கால் நீட்டிய 'E' என்ற ஒரே எழுத்து, மேலே பார்த்தும் கீழே பார்த்தும் பக்கவாட்டிலும் திரும்பி நிற்கும்.

"இது என்னடா கண்ணு?"

"சீப்பு" என்றாள் குழந்தை.

"மானத்த வாங்காதடி. அது இங்கிலீஷ் எழுத்து" என்றார் அம்மா.

"விடுங்கக்கா. சீப்போட பல்லு எந்தப் பக்கம் இருக்கு, தங்கம்?"

"கீழ."

"அடுத்தது?"

"அது குட்டி சீப்பு. பல்லு மேல."

கடைசி வரிசைவரை சீப்பு சீப்பாகச் சொல்லிக்கொண்டே போனாள். பார்வையில் ஒரு குறையும் இல்லை.

அம்மாவுக்குத் திருப்தி இல்லை. "பேரே சொல்லத் தெரியல, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்றீங்க?"

"பேர் தெரியாட்டி என்னக்கா. ஒழுங்காப் பாத்ததாலதானே சீப்புன்னு சொன்னா."

சொல்லிவிட்டு எழுதப்போனவள் அப்படியே நின்றேன். சீப்பு என்று சொன்ன குழந்தைக்கு நான் பெருக்கல் குறி போடவில்லை. நிழல் வால் என்று சொன்னவருக்கு மட்டும் எப்படிப் போட விட்டேன்? எதையோ ஒழுங்காகப் பார்த்துவிட்டுத்தானே அதைச் சொல்லியிருப்பார்?

நிழல் வால். அதை எங்கேயோ கேட்டிருக்கிறேன். மத்தியானம் ஃப்ரேம்களைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிது. மாடியில் ஒற்றை அறை. ஜன்னல் விளிம்பில் ஓர் அணில் வந்து உட்கார்ந்தது. "இதுக்கு இங்கிலீஷ்ல ஏன் ஸ்க்விரல்னு பேர் வந்துச்சுன்னா, நிழலும் வாலும்..." என்று இவர் ஆரம்பித்தார். "மொதல்ல போய்க் கொடியில இருக்கிற துணிய எடுங்க, மழை வருது" என்று நான் விரட்டினேன். அன்று போன அணில் இருபது வருஷம் கழித்து அட்டையில் திரும்பி வந்திருக்கிறது.

கடையில் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினேன்.

வீட்டு பீரோவின் அடித்தட்டில் ஒரு காகிதக் கட்டு உண்டு. அச்சகத்தில் கழித்துப்போட்ட தாள்களின் பின்பக்கத்தில் இவர் எழுதி வைத்தவை. ஒரு தாளுக்கு ஒரு மிருகம். பழைய பேப்பர்காரருக்குப் போட நான் அதை இரண்டு முறை வெளியே எடுத்திருக்கிறேன். இரண்டு முறையும் இவர் சத்தம் போடாமல் உள்ளே வைத்துவிட்டார். போன மாதம் மூன்றாவது முறையாக வாசல்வரை கொண்டுபோய் வைத்தேன். அன்றைக்குப் பார்த்து அந்த மனிதர் வரவில்லை; கட்டு திரும்ப பீரோவுக்கே வந்தது. அவருக்கு என்ன வேலையோ, எங்கே போனாரோ, நன்றாக இருக்கட்டும்.

கட்டைப் பிரித்ததும் மகள் வந்து தரையில் உட்கார்ந்தாள். பயிற்சியில் நடந்ததை அவளுக்கு முன்பே சொல்லியிருந்தேன். இவர் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார்.

"அம்மா, கேனரி இருக்கு. அந்த மஞ்சக் குருவி" என்று சத்தமாகப் படித்தாள். "கேனரித் தீவுகளிலிருந்து வந்ததால் இந்தப் பறவை கேனரி. அந்தத் தீவின் பெயரோ, லத்தீனில் நாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அங்கே பெரிய பெரிய நாய்கள் இருந்தனவாம். ஆக, நாயின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு குருவி பாடிக்கொண்டிருக்கிறது. பாவம், அதற்குத் தெரியாது."

நாற்காலி கிறீச்சிட்டது. இவர் எங்கள் பக்கம் திரும்பியிருந்தார்.

"அதான்" என்றார். இடது கையால் தொடையில் தட்டினார். "அதான். அதான்."

மகள் அடுத்த தாளை எடுத்தாள். அணில். கிரேக்கத்தில் நிழல் என்ற சொல்லும் வால் என்ற சொல்லும் சேர்ந்து, லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்த கதை. முதலை. கூழாங்கல், புழு என்ற இரண்டு கிரேக்கச் சொற்கள் அதற்குள் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று எழுதி, 'உறுதியில்லை' என்று பக்கத்தில் சிவப்பு மையில் குறித்திருந்தார். பிழை திருத்துபவர் அல்லவா.

"அப்பா, நீ எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்க. நாங்கதான் ஃபெயில்" என்றாள் மகள். நான் தாள்களைத் தூசி தட்டி அடுக்கினேன்.

இரவுச் சாப்பாட்டின்போது பழைய காலண்டரிலிருந்து ஓர் அணில் படத்தைக் கிழித்து அவர்முன் வைத்தேன்.

"நிழல்..." என்றார். "வால்... வால்ல..."

"அணில்தானே? அணில் சொல்லுங்க. அ..." என்றேன்.

அவ்வளவுதான். முகம் மூடிக்கொண்டது. வந்துகொண்டிருந்தது எதுவோ திரும்பிப் போய்விட்டது.

"அம்மா, கொஞ்சம் வாய மூடேன்" என்றாள் மகள். "அவர் அந்த வழியாச் சுத்தித்தான் வரணும். நீ பாதியிலயே கைகாட்டி எறக்கிவிட்டுடற."

அவளை அதட்ட வாய் வந்தது. ஆனால் அவள் சொன்னது நிஜம். இருபது வருஷமாக நான் செய்ததும் அதேதான். வியாழக்கிழமைக்கு முன் இருந்த ஐந்து நாளும் நான் பழகியது ஒன்றே ஒன்று, சும்மா இருப்பது. இவருக்குப் பேசப் பழகுவது எவ்வளவு கஷ்டமோ, எனக்குப் பேசாமல் இருப்பதும் அவ்வளவு கஷ்டம். நாக்கைக் கடித்துக் கடித்து ஓரமே புண்ணாகிவிட்டது. புதன்கிழமைக்குள் நிழலும் வாலும் இரண்டு முறை அணிலில் போய் முடிந்தன. மூன்று முறை எங்கேயும் போய்ச் சேரவில்லை.

வியாழக்கிழமை காகிதக் கட்டை டீச்சர் மேஜைமேல் வைத்தேன். ஒரு படத்துக்குப் பத்து விநாடிதான் அவர் கொடுப்பது வழக்கம். அதற்குள் வராவிட்டால் அடுத்த அட்டை.

"டீச்சர், மொதல்ல இதுல மூணு தாள் படிங்க. அப்புறம், இன்னைக்கு மட்டும் கடிகாரத்தப் பாக்காதீங்க."

கேனரியைப் படித்தார். அணிலைப் படித்தார். முதலையில் பாதி தாண்டும்போது, போன வாரத்துத் தாளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைத்தார். மஞ்சள் பறவை வந்தது.

"நாய்" என்றார் இவர்.

டீச்சர் அடுத்த அட்டையை எடுக்கவில்லை. மின்விசிறி சுற்றியது.

"தீவு."

என் நாக்கு நமநமத்தது. கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தீவுலேர்ந்து... மஞ்சள்... பாடும்..." வெளியே யாரோ வாளியை நகர்த்தினார்கள். அந்தச் சத்தத்தில் வழி தவறிவிடுவாரோ என்று பயந்தேன். தவறவில்லை. "கே... கேனரி."

டீச்சர் பேனாவை எடுத்தார். பெருக்கல் குறி போடவில்லை.

அணிலின் பெயரும் வந்தது. முதலை வரவில்லை. "கல்லு, புழு, முத்... முத்து..." என்று தடுமாறி, தப்பாகப் போகிறது என்று அவருக்கே தெரிந்து, சிரித்துவிட்டார். பசு வரவில்லை. நாற்காலியும் வரவில்லை. டீச்சர் கடைசியாகத் தன் கையிலிருந்த பேனாவையே தூக்கிக் காட்டினார்.

"இறகு" என்றார் இவர். ஆங்கிலத்தில் பேனாவுக்கான சொல் லத்தீன் இறகிலிருந்து வந்தது என்று டீச்சரே பிறகு தேடிப் பார்த்துச் சொன்னார். அப்போது நாங்கள் காத்திருந்தோம். "இறகு... எழுத... பேனா."

மற்ற அட்டைகளையும் அந்தப் பேனாவையும் சேர்த்து, பதினான்கில் ஆறு பெயர்கள் வந்திருந்தன. போன வாரம் ஒன்றும் இல்லை.

"எல்லாத்துக்கும் இந்த வழி இருக்காதும்மா. அத இப்பவே சொல்லிடறேன். மாசக் கணக்குல ஆகும். ஆனா வழி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. பலகை வேணாம்" என்றார் டீச்சர். பிறகு இவர் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "சார், இத்தனை வாரமா நீங்கதான் எனக்குக் கிளாஸ் எடுத்திருக்கீங்க. மாணவி கொஞ்சம் மக்கு. மன்னிச்சுக்கங்க."

இவர் காற்றில் ஒரு விரலால் சுழித்துக் காட்டினார். பிழை திருத்தியாகிவிட்டது என்று அர்த்தம். வாசலில் நான் டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, சொல்ல நினைத்ததில் பாதியைக்கூடச் சொல்லாமல் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேருமாகச் சாப்பிட உட்கார்ந்தோம். நான் பரிமாறிவிட்டு என் தட்டைத் தொடாமல் சொன்னேன். "என்னங்க, அந்த மாடி வீட்டு ஜன்னல்ல ஒரு அணில் வந்துச்சே. அன்னைக்கு நீங்க சொல்லவந்தத நான் கேக்கவே இல்ல. இப்பச் சொல்லுங்க."

மகள் தூக்கப்போன விரலை மடக்கிக்கொண்டாள்.

இருபது நிமிஷம் ஆனது. நிழலுக்கும் வாலுக்கும் நடுவே ஒரு தரம் தண்ணீர் குடித்தார். கிரேக்கம் என்ற சொல் கிடைக்காமல் கையால் தூரத்தைக் காட்டினார். வெயில் என்று சொல்ல ஜன்னலைக் காட்டினார். கடைசியில் வலது கையைச் சிரமப்பட்டுத் தூக்கி, வளைத்து, தன் தலைக்குமேல் குடைபோலப் பிடித்தார். தன் வாலின் நிழலில் தானே உட்கார்ந்திருக்கும் அணில். இவ்வளவு அழகான ஒன்றைக் கொண்டுவந்தவரையா அன்று துணி எடுக்க அனுப்பினேன் என்று நினைத்தேன். அதைத் திரும்பவும் கேட்கக் கொடுத்துவைத்திருக்கிறதே, அதற்கு யாருக்கு நன்றி சொல்ல? சீப்பு சொன்ன குழந்தைக்கா, வராத பேப்பர்காரருக்கா? எல்லோருக்கும்தான்.

இவர் என் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உதட்டோரம் பழைய குறும்பு தெரிந்தது.

"சாப்பாடு" என்றார். "சாப்பாடு... ஆறுது."

மகள் புரையேறச் சிரித்தாள். எனக்குச் சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது.

"ஆறட்டும்" என்றேன். "முதலைய முடிங்க."