மண் தின்ற ஜட்டி

எங்கள் ஊரில் ஒருவன் எப்படிப்பட்டவன் என்பதை அவன் வயலை ரோட்டிலிருந்து பார்த்தே முடிவு செய்துவிடுவார்கள். அறுவடை முடிந்ததும் சட்டிக்கலப்பை ஓட்டி, ஒரு தட்டைகூட மிச்சமில்லாமல் மண் கன்னங்கரேலென்று கிடந்தால் நல்ல விவசாயி. காலைக் காபிக்குக் கூட்டுறவுத் தானியக் கிடங்கில் கூடும் கிழடுகளின் தீர்ப்பு அது. நெப்ராஸ்காவில் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அதனால்தான் என் தங்கை மார்னியின் துண்டு நிலம் அப்பாவுக்கு முள்ளாகக் குத்தியது. ரோட்டோரம் நாலு ஏக்கர். மூன்று வருடமாக அதில் கலப்பை படவில்லை. சோயா அறுத்த தாளை அப்படியே விட்டு, குளிர்காலத்துக்கு கோதுமை மாதிரியான ரை தானியத்தை விதைப்பாள். வசந்தத்தில் ரையைச் சாய்த்துவிட்டு அதற்குள்ளேயே மறுபடி சோயா. பார்க்கப் பரட்டைத் தலை மாதிரி இருக்கும்.

"என்ன டெல்பர்ட், அந்தப் புதருக்குள்ள மாடு எதுவும் காணாமப் போச்சா?" என்று கிடங்கில் கேட்பார்கள். அப்பா காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிடுவார்.

ஆகஸ்டில் மார்னியின் ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சர் மிஸஸ் கூபிசெக் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார். வெள்ளைப் பருத்தி ஜட்டியை வயலில் புதைக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்துத் தோண்ட வேண்டும். மண்ணில் உயிர் இருந்தால் பருத்தியைத் தின்றிருக்கும். மார்னி அப்பாவின் புதுப் பாக்கெட்டிலிருந்தே எடுத்து, ஒன்றைத் தன் துண்டிலும் ஒன்றை அப்பாவின் வயலிலும் புதைத்தாள்.

"ரெண்டும் ஒரே மாதிரி வந்துச்சுன்னா, அன்னிக்கே உன் துண்டுலயும் கலப்பை எறங்கும். அழக் கூடாது" என்றார் அப்பா.

"தோத்தா நீயும் அழக் கூடாது."

தோண்டும் நாளன்று எத்தனால் ஆலையில் இரவு வேலை முடித்து நேராக வயலுக்குப் போனேன். அப்பா கலப்பையை டிராக்டரில் மாட்டி, துண்டின் ஓரத்திலேயே தயாராக நிறுத்தியிருந்தார். பள்ளிப் பேருந்து வந்தது. பத்தாவதோடு விட்டவன் நான். அந்த மஞ்சள் வண்டியைக் கண்டால் இப்போதும் ஒதுங்கத்தான் தோன்றும். தள்ளியே நின்றேன்.

முதலில் அப்பாவின் வயல், தாழ்வான பள்ளத்துப் பக்கம். ஜட்டி முழுசாக வந்தது. கொஞ்சம் பழுப்பு, அவ்வளவுதான். துவைத்தால் சர்ச்சுக்கே போட்டுக்கொண்டு போகலாம்.

"மிஸஸ் கூபிசெக், இதுக்குள்ள நம்ம வகுப்பே தங்கலாம்!" என்றான் மார்னியின் வகுப்புப் பையன் ட்ரெவர். பேருந்து ஓட்டுநர்கூடச் சிரித்தார். அப்பாவின் காது சிவந்தது.

அடுத்து மார்னியின் துண்டு. வரப்புக்கு இந்தப் பக்கம், அதே பள்ளம். தோண்டினாள். ஒன்றும் இல்லை. இன்னும் ஆழம். ஒன்றும் இல்லை.

"யாரோ திருடிப் போட்டுக்கிட்டாங்க" என்றான் ட்ரெவர்.

மார்னி மண்வெட்டியைப் போட்டுவிட்டு, தோண்டிய மண்ணைக் கையால் உதிர்த்தாள். வேர் மாதிரி ஒன்று நீண்டு வந்தது. இடுப்பு எலாஸ்டிக். அதைச் சுற்றிக்கொண்டு ஒரு மண்புழு.

"துணி எங்க?" என்றார் டீச்சர்.

"தின்னுடுச்சு."

"எது?"

"கண்ணுக்குத் தெரியாததுங்க. வருஷம் பூரா இங்க ஏதாவது வேர் இருக்கு, அதுங்களுக்குச் சாப்பாடு கெடைக்குது. கலப்பை ஓட்டுனா அதுங்க வீட்டை இடிக்கிற மாதிரி."

அப்பா தொப்பியைச் சரிசெய்தார். "இது ஈரம் நிக்கிற பள்ளம். உன் பக்கம் கொஞ்சம் கூடவே நிக்கும். என் பூட்ஸைப் புதைச்சாலும் மக்கிடும்."

டீச்சர் மார்னிக்குப் பரிந்து பேசவில்லை. "அவர் கேக்கறது நியாயம். ஒரே ஒரு குழியை வச்சுச் சொன்னா அது வெறும் வதந்தி. என்ன சொல்றே, மார்னி?"

நான் டிராக்டரைத் திரும்பிப் பார்த்தேன். கலப்பை பத்தடி தூரத்தில் நின்றது.

"மேட்டுலயும் இருக்கு" என்றாள் மார்னி. "அப்பா பக்கத்து மேட்டுல ஒண்ணு, என் பக்கத்து மேட்டுல ஒண்ணு."

அப்பா அவளையே பார்த்தார். "அதான் பாக்கெட்டுல நாலு குறைஞ்சுதா? ரெண்டு மாசமா வாஷிங் மெஷினைத் திட்டிக்கிட்டிருக்கேன்!"

மேடு மஞ்சள் களிமண். எதைப் போட்டாலும் நோஞ்சானாக வரும் இடம். அப்பாவின் பக்கத்து ஜட்டி தையல்கூடப் பிரியாமல் வந்தது. மார்னியுடையதில் எலாஸ்டிக்கும், அதில் தொங்கிய ஒரு கந்தலும்தான். அவள் கந்தலைத் தூக்கிப் பிடித்தாள். அதன் வழியாகப் பேருந்து தெரிந்தது.

"இப்ப இது பாடம்" என்றார் மிஸஸ் கூபிசெக். ட்ரெவர் தன் வீட்டு வயலிலும் இன்னொரு குழி வேண்டும் என்றான்.

அப்பா மார்னியின் மேட்டிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தார், முகர்ந்தார். டிராக்டருக்குப் போய், கலப்பையை மாட்டியிருந்த ஆணியைப் பிடுங்கினார். கலப்பை டிராக்டரிலிருந்து கழன்று தரையில் உட்கார்ந்தது.

"ரை விதை எவ்வளவு வச்சிருக்கே?"

"என் துண்டுக்கு மட்டும்தான்."

"மேட்டுக்கும் சேத்து வாங்கு. என் மேட்டுக்கு."

மறுநாள் காலை வேலை முடிந்து கிடங்கில் காபிக்கு நுழைந்தேன். கிழடுகளின் மேசை நடுவில், கோப்பைகளுக்கு மத்தியில், மண் ஒட்டிய எலாஸ்டிக் கிடந்தது.

"சாப்பிடற மேசைய்யா இது, டெல்பர்ட்" என்றார் ஒருவர்.

"பரவாயில்ல, தொட்டுப் பாரு" என்றார் அப்பா. "எம்பொண்ணோட மண்ணு தின்ன மிச்சம் இது. உன் மண்ணு எதைத் தின்னுச்சு?"

அவர் அன்று காபியை முழுசாகக் குடித்தார்.