நெருப்பு ஊரைவிட்டுப் போன குளிர்காலம்

கிரேக்க நாட்டு ஊரான பெட்ரோவ்ரிசியில் இருந்த நெருப்பு மொத்தமும் பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமையொன்றில், முற்பகல் வேளையில், ஊரைவிட்டு நடந்து போனது. அடுப்புகளிலிருந்தும், ரொட்டிக்கடைச் சூளையிலிருந்தும், காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களின் சிகரெட் நுனிகளிலிருந்தும், தேவாலயத்து எண்ணெய் விளக்கிலிருந்தும் இறங்கி, கடைத்தெரு வழியாக வரிசையாகப் போனது. பெரிய நெருப்புகள் முன்னால், விளக்குச் சுடர்கள் பின்னால். யார் மேலும் படவில்லை, எதையும் எரிக்கவில்லை. ஒலிம்பஸ் மலைக்கு ஏறும் பாதையில், கோதுமை அடித்த காலத்துப் பழைய கற்களத்தை அடைந்ததும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து உட்கார்ந்துகொண்டன. அன்று ஆலிவ் எண்ணெய் விலை மறுபடி ஏறியிருந்தது. காப்பிக்கடையில் அதைத் திட்டித் தீர்த்த பிறகுதான் பாதிப் பேர் தங்கள் சிகரெட் அணைந்து போனதையே கவனித்தார்கள்.

காரணம் பள்ளிப் பேருந்து ஓட்டும் அரிஸ்தோமெனிஸ். பிறந்தபோது வைத்த பெயர் பனயோத்திஸ். கோடைதோறும் மலையடிவாரத்தில் ஒலிம்பஸின் பழைய பன்னிரண்டு தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள் கூடும் விழாவுக்கு, நாற்பது வயதில் ஒருமுறை வேடிக்கை பார்க்கப் போனவன், தலையில் ஆலிவ் இலை வளையமும் புதுப் பெயருமாகத் திரும்பி வந்தான். ஊர் அவனுக்கு இன்னொரு பெயரும் வைத்தது. "என்னப்பா பன்னெண்டு சாமிக்காரா, பன்னெண்டுல ஒண்ணுகூடவா உன் பஸ் ஹாரன ரிப்பேர் பண்ணித் தரல?" என்று ரொட்டிக்கடை ஸீஸிஸ் தினமும் கேட்பான். "அவங்களுக்குப் பெரிய வேலை இருக்கு. கத்துறதுக்குத்தான் நீ இருக்கியே," என்று அரிஸ்தோமெனிஸும் தினமும் பதில் சொல்வான். முன்னோர் பேசிய மொழியைப் பேசிக்கொண்டு, முன்னோர் பார்த்த மலையைப் பார்த்துக்கொண்டு, அவர்கள் கும்பிட்டதைக் கும்பிட யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்பது அவன் வாதம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வான். அந்த நிமிர்வைக் குறை சொல்ல முடியாது, கேட்கிறவனுக்கும் முதுகு கொஞ்சம் நேராகிவிடும்.

அவனைப் புதுப் பெயரால் ஒரு தடவைகூடக் கூப்பிடாத ஆள் மாமியார் கல்லிரோயி. கீழ்வீட்டில் இருந்தாள். ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றுகிறவள். இலையுதிர் காலத்தில் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்ததும் மாமியாருக்கும் மருமகனுக்கும் போர் தொடங்கியது. அந்த ஊர்ப்பக்கம் ஞானஸ்நானம் ஆகும்வரை பெண் குழந்தையை 'பேபா' என்றுதான் கூப்பிடுவார்கள். அதன் பிறகே பெயர் நாக்கில் ஏறும். அரிஸ்தோமெனிஸ் ஞானஸ்நானம் வேண்டாம் என்றான். அவன் மனைவி அந்தூலா, "நீங்க ரெண்டு பேரும் சண்டைய முடிச்சிட்டு எழுப்புங்க, எனக்குத் தூக்கம் வருது," என்று சொல்லிவிட்டாள். குழந்தைக்குப் பல் முளைக்கத் தொடங்கிய பிறகும் அது பேபாவாகவே இருந்தது.

"பேரில்லாத புள்ளைய தெருவுல எப்படிக் கூப்பிடுறது, மாப்ளே? விசிலடிச்சா?" என்று கேட்டாள் கல்லிரோயி.

"பேரு அடுப்புகிட்ட வைக்கணும், அத்தே. அப்பன் புள்ளையத் தூக்கிட்டு அடுப்பச் சுத்தி ஓடணும். நம்ம ஆளுங்க அப்படித்தான் வெச்சாங்க."

"நம்ம ஆளுங்கன்னா யாரு? எங்கப்பா மீன் வித்தாரு. அவரு ஒண்ணும் ஓடல."

கடைசியில் அவன்தான் நாள் குறித்தான். சேதி எப்படியோ பரவி, தெசலோனிகியிலிருந்து ஒரு தொலைக்காட்சிக் கூட்டமும் வந்து இறங்கியது. பழைய தெய்வங்களைக் கும்பிடுகிற யாருக்கும் அரிச்சுவடி போலத் தெரிந்த ஒரு முறை உண்டு. எந்தப் பூசையானாலும் ஊற்றுகிற முதல் மதுத்துளி எஸ்தியாவுக்கு. அவள் அடுப்பின் தெய்வம், வீட்டுக்காரி. கடைசித் துளியும் அவளுக்கே. ஆனால் நிருபர் பெண்ணுக்கு மதியச் செய்திக்குள் காட்சி வேண்டியிருந்தது. "அடுப்புச் சாமிய யாருக்கு சார் தெரியும்? இடி மின்னல்னு ஜீயஸ வெச்சு ஆரம்பிங்க, கெத்தா இருக்கும்," என்றாள். வெள்ளை அங்கியில், கேமரா வெளிச்சத்தில், பாதி ஊர் சன்னல் வழியாகப் பார்க்க, அரிஸ்தோமெனிஸ் ஜீயஸின் பெயரைக் கணீரென்று சொல்லி முதல் மதுவை ஊற்றினான். காட்சி கிடைத்ததும் தொலைக்காட்சிக் கூட்டம் கிளம்பியது. அதன் பிறகு அடுப்பிலிருந்த நெருப்பு எழுந்தது, வாசற்படியைத் தாண்டியது, போய்விட்டது. தெருவில் மற்ற நெருப்புகள் அதனுடன் சேர்ந்துகொண்டன. தொலைக்காட்சிக்காரர்களின் கேமரா அதைப் பதிவு செய்யவில்லை. அதற்குள் அவர்கள் சாப்பாட்டுக்கு வேறு ஊர் போய்விட்டிருந்தார்கள்.

அதன் பிறகு தீக்குச்சிகள் உரசினால் சீறின, பற்றவில்லை. கரிவாளியோடு களத்துக்கு ஏறியவர்களைக் கண்டு நெருப்பு பின்னால் நகர்ந்தது. பக்கத்து நகரத்திலிருந்து வந்த தீயணைப்பு வண்டி, அணைப்பதுதான் தங்கள் வேலை, அழைத்து வருவது இல்லை என்று திரும்பிப் போனது. மின்னடுப்பில் வைத்த பீன்ஸ் வெந்தது, ருசிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கும் வழியில்லாமல் மூன்றாம் நாள் பனி மின்கம்பிகளைச் சாய்த்தது. பேபாவின் பாதங்கள் சில்லிட்டுப் போயின. கல்லிரோயி அவற்றைத் தன் அக்குளில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஊர்க்காரர்கள் கோட்டும் தொப்பியுமாக நின்றார்கள். ஏன் போனது என்று யாருக்கும் தெரியவில்லை, ஒருவனைத் தவிர.

"எஸ்தியா தாயத் தாண்டிப் போயிட்டேன்," என்றான் அரிஸ்தோமெனிஸ். "மொத வாய் அவளுக்குக் குடுக்கணும். கேமராவுக்காக மாத்திட்டேன்."

ஸீஸிஸ்கூடக் கிண்டல் செய்யவில்லை. கல்லிரோயிதான் தலை நிமிர்ந்தாள். "ஒரு வீட்டுக்குள்ள போறவன் மொதல்ல வீட்டுக்காரிக்கு வணக்கம் சொல்ல வேண்டாமா? இதுகூடத் தெரியாம நீயெல்லாம் என்ன சாமிக்காரன், மாப்ளே? போ. போய்க் கூட்டிட்டு வா. புள்ளைக்குக் குளிருது."

அவன் அங்கியை எடுக்கவில்லை. ஓட்டுநர் ஜாக்கெட்டுக்குள் குழந்தையை வைத்துப் பொத்தானைப் போட்டான், மதுக்குடுவையை எடுத்தான், செருப்பைக் கழற்றிவிட்டுப் பனியில் ஏறினான். ஊர் பின்னால் ஏறியது. களத்தில் நெருப்பு அவனைக் கண்டு நகரவில்லை. முதல் மதுவை எஸ்தியாவுக்கு ஊற்றினான், மன்னிப்பும் கேட்டான், உரக்கவே. பிறகு தொந்தி குலுங்க, வெறுங்காலால், குழந்தையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நெருப்பைச் சுற்றி ஓடினான். யாரும் சிரிக்கவில்லை. மேலே ஒலிம்பஸ் மேகம் விலகி முழுசாக நின்றது. இத்தனை ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் தன் அடியில் ஒருவன் இப்படி ஓடுவதைப் பார்க்க அந்த மலைக்கு உரிமை இருந்தது.

பெயர் சொல்லும் நேரம் வந்ததும் கல்லிரோயி கண்ணை மூடிக்கொண்டாள். பாதாளத்து ராணி பெர்செபோனி, புருஷனைக் கொன்ற கிளைதெம்னெஸ்த்ரா என்று எதையாவது வைத்துப் பிள்ளையைக் கெடுத்துவிடுவான் என்பது அவள் பயம்.

"கல்லிரோயி!" என்று கூவினான் அரிஸ்தோமெனிஸ்.

கிழவி கண்ணைத் திறந்தாள்.

"என்ன அத்தே பாக்குறீங்க? கடல் சாமியோட பொண்ணு பேரு. அழகா ஓடுற தண்ணின்னு அர்த்தம். இந்த ஊர்லயே பழைய பேரு உங்களுதுதான். நீங்கதான் இத்தன வருஷமா பத்திரமா வெச்சிருந்தீங்க."

ஜாக்கெட்டுக்குள்ளிருந்த குழந்தை, கூப்பிட்டது தன்னைத்தான் என்பதுபோலத் தலையை நீட்டியது. அவன் கடைசித் துளியையும் எஸ்தியாவுக்கு ஊற்றினான். நெருப்பு எழுந்து, அவனுக்குப் பின்னால் இறங்கி வந்தது. அவன் வீட்டுக்குரியது அவன் வீட்டில் நுழைந்தது, சூளைக்குரியது சூளைக்குப் போனது. தேவாலயத்து வாசலில் மட்டும் சின்னச் சுடரொன்று தயங்கி நின்றது. பாதிரியார் ஸ்தாத்திஸ் விளக்கை ஏந்திக்கொண்டு நின்றார். எல்லோரும் அரிஸ்தோமெனிஸைப் பார்த்தார்கள்.

"உள்ள போங்க, தாயே. அதுவும் ஒரு வீடுதான்," என்றான் அவன்.

"சீக்கிரம் வரச் சொல்லுப்பா, கால் மரத்துப் போச்சு," என்றார் பாதிரியார்.

ஈஸ்டருக்குப் பிறகு அதே பெயரில் ஞானஸ்நானமும் நடந்தது. அரிஸ்தோமெனிஸ் தலையில் இலை வளையத்தோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். பெட்ரோவ்ரிசியில் இப்போது அடுப்புப் பற்றவைக்கிற எவரும் முதலில் ஒரு துளி மதுவோ எண்ணெயோ சிந்துவார்கள். ஸீஸிஸ் சூளையில் சிந்துகிறான். பாதிரியார் ஸ்தாத்திஸும் சிந்துகிறார். கேட்டால் மரியாதைதானே என்கிறார். பேருந்து ஹாரன் இன்னும் சரியாகவில்லை.

இதெல்லாம் பிறகு. அன்று மாலை வீட்டில் கல்லிரோயி குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, நீலம் பாரித்திருந்த மருமகனின் பாதங்களைப் பார்த்தாள். ஒரு முக்காலியை இழுத்து அடுப்புக்கு முன்னால் போட்டாள்.

"அரிஸ்தோமெனிஸ்," என்றாள். "இங்க வந்து உக்காரு. கால நீட்டு."

அவன் உட்கார்ந்து கால்களை நீட்டினான். நெருப்பு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.