நடுவர் மேல் பட்ட பந்து

கால்பந்து வீடியோ கேமின் புதிய பதிப்பு வெளியான அன்று காலையிலேயே நடுவருக்கு விலாவில் வலி கண்டுவிட்டது.

கேமுக்குள் விசிலோடு ஓடுகிற நடுவருக்கு அவர் முகம்தான். யார் எவ்வளவு கத்தினாலும் அசையாத முகம் வேண்டுமென்று கம்பெனிக்காரர்கள் அவரைத் தேடிப் பிடித்து, சுற்றிலும் கேமரா வைத்துப் படம் எடுத்துப் போயிருந்தார்கள். பழைய பதிப்புகளில் பந்து அவரை ஊடுருவிப் போய்விடும். புதியதில் முன்னேற்றம் செய்திருந்தார்கள்: பந்து பட்டால் அவருக்கு அடி விழும், ஆள் மோதினால் அவரே விழுவார். அவ்வளவுதான், கோல் போடுவதையே எல்லோரும் மறந்துபோனார்கள்.

நடுவர் பல் தேய்க்கும்போது விழுந்தார். பஸ்ஸுக்கு நிற்கும்போது விழுந்தார். டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முதுகெல்லாம் வட்டவட்டமாக நீலம் பாரித்து, அதில் பந்தின் தையல்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"நல்லா ரெஸ்ட் எடுங்க" என்ற டாக்டர் தலை குனிந்துகொண்டார். "எங்க வீட்டுலயும் அந்த கேம் இருக்கு சார். மன்னிச்சிடுங்க."

ஊரார் அடியை அவர் பொறுத்துக்கொண்டார். சாயங்காலமானால் இடது காலிலிருந்து வந்து விழும் அடியைத்தான் தாங்க முடியவில்லை. அந்த உதை யாருடையது என்று அவருக்குத் தெரியும். இடது காலாலேயே ஆடும் சொந்த மருமகனுடையது. இறுதிப் போட்டியில் மாப்பிள்ளை என்றும் பாராமல் சிவப்பு அட்டை காட்டியதிலிருந்து மகள் பேசுவதில்லை, போனையும் எடுப்பதில்லை. நேரில் போய் எப்படியாவது அவளைப் பேச வைத்துவிடுவதென்று கிளம்பினார்.

மகள்தான் கதவைத் திறந்தாள். "என்ன, இங்க யாருக்கு கார்டு காட்டணும்?"

"வாங்க மாமா" என்றான் மருமகன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பொத்தானை அழுத்தினான். நடுவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"நடிக்காதீங்க மாமா. நடிச்சா மஞ்சள் அட்டைன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

அடுத்த உதையில் திரையில் ஒருவரும் தரையில் ஒருவருமாக இரண்டு நடுவர்கள் விழுந்தார்கள். மகள் ஓடிவந்து தூக்கினாள். சட்டை விலகியிருந்தது.

"ஏங்க, நிறுத்துங்க! அப்பா முதுகைப் பாருங்க." அவனிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்கினாள். "இப்படி வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா?"

"நீ போனை எடுத்தாத்தானேம்மா."

அவள் மூக்கை உறிஞ்சினாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். "இருங்க, காபி போடறேன். முதல்ல இந்தச் சனியனுக்கு ஒரு வழி பண்றேன்." திரையில் எதையெதையோ தேடி, 'நடுவர்' என்ற இடத்தில் 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

வலி துடைத்து எடுத்தாற்போலப் போயிற்று. "போயிடுச்சும்மா!" என்று கூவினார்.

மகள் காபியோடு வந்து நின்றாள். "அப்பா எங்கங்க?"

"இப்ப இங்கதான் இருந்தாரு. சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டாரு போல. உங்கப்பா குணம் தெரியாதா?"

"இங்கதாம்மா இருக்கேன்" என்றார் நடுவர். கத்தியும் சொன்னார்.

"ஒரு வாய் காபி குடிக்கக்கூட மனசு வரலை, பாருங்க" என்றாள். "இனிமே அவரா வந்தாலும் நான் பேச மாட்டேன்."

டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டுப் புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திரையில் இரண்டு அணியினரும் கேட்பாரில்லாமல் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காபியில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.